உட்கார்ந்து எழுந்ததும் கண் இருட்டி விழுந்த அனுபவம் யாருக்காவது உண்டா?

காசிமேட்டுத் தம்பி:
விடியற்காலை நாலு மணி, ஏலம் சூடாக இருந்தது. குந்தி உட்கார்ந்து வஞ்சிரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மாமா, கையைத் தூக்கிக்கொண்டே சட்டென்று எழுந்தார். அப்படியே கூடை மேல் சரிந்தார். விழும்போதும் இரண்டு விரல் நீட்டியபடியே இருந்தன. ஏலக்காரர் அதையும் ஒரு விலையாக எடுத்துக்கொண்டார்! அரை நிமிடத்தில் மாமா கண் விழித்துவிட்டார். டாக்டர் படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தால் மேல் அளவு 134. நிற்க வைத்து மூணு நிமிடத்துக்குள் பார்த்தால் 106. இது என்ன கணக்கு?

தேரடி அக்கா:
20 இறங்கினாலே கவனிக்க வேண்டும் தம்பி. எழுந்ததும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். கழுத்து நாடியில் இருக்கும் நரம்பு முனைகள், அதனால் அழுத்தம் குறைவதைக் கண்டுகொண்டு மூளைக்குச் சொல்லும். உடனே இதயம் வேகமாக அடிக்கும், ரத்தக்குழாய்கள் சுருங்கும். எல்லாம் சில நொடிகளில் நடக்கும். நான் சித்திரை வெயிலில் வடிவுடையம்மன் கோயில் வரிசையில் நின்று விழுந்தவள். சூடு தணிய தோல் பக்கக் குழாய்கள் விரிந்துவிடும், உடம்பு எவ்வளவுதான் சமாளிக்கும்? எனக்கு நினைவிருப்பது முன்னால் நின்றவள் தலையில் இருந்த கனகாம்பரம் மட்டும். அது மெல்ல சாம்பல் நிறமானது.

வண்ணாரப்பேட்டை பெரியவர்:
அக்கா பாதிதான் சொன்னார். நரம்பு அந்த நொடிக்கு மட்டும்தான். நாள் கணக்கில் பிரஷரைப் பிடித்து வைப்பது கிட்னி. ரத்த அழுத்தம் குறைந்தால் அது ரெனின் என்ற நொதியை ரத்தத்தில் விடும், அதனால் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் உண்டாகிக் குழாய்களை இறுக்கும், ஆல்டோஸ்டீரோன் என்ற இன்னொரு ஹார்மோன் வந்து உப்பையும் தண்ணீரையும் வெளியே போகவிடாமல் பிடித்துக்கொள்ளும். என் கதை சின்னது. சலூனில் மசாஜ் என்று தாடைக்குக் கீழே அழுத்தினார்கள், நாற்காலியிலேயே மயங்கினேன். ரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்று அக்கா சொன்ன அந்தக் கழுத்து நரம்பு ஏமாந்து இதயத்தை மட்டுப்படுத்திவிட்டதாம். சரி, தம்பி, மாமாவிடம் சொல்: படுக்கையிலிருந்து நேராக எழக் கூடாது. கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் உட்கார வேண்டும். கணுக்காலை மேலும் கீழும் ஆட்ட வேண்டும், கெண்டைச் சதை ரத்தத்தை மேலே தள்ளும். ராத்திரி ஒன்றுக்குப் போனாலும் உட்கார்ந்தே போகட்டும். தண்ணீர் குடிக்கட்டும். அப்புறம், கருவாட்டை இரண்டு துண்டு கூடப் போட்டால்...

தேரடி அக்கா:
அண்ணா, படுத்தால் 134 இருக்கிற மனிதருக்குக் கருவாடா! டாக்டரைக் கேட்காமல் உப்பைக் கூட்டாதீர்கள். தம்பி, மாமா புதிதாக ஏதாவது மாத்திரை எடுக்கிறாரா?

காசிமேட்டுத் தம்பி:
ஆமாம் அக்கா, ஒன்றுக்குப் போவது தடைப்படுகிறது என்று புரோஸ்டேட் மாத்திரை, நாலு நாளாக. அது ரத்தக்குழாயையும் தளர்த்துமாம். டாக்டர் மாற்றிக் கொடுத்திருக்கிறார். அந்தக் கூடைக்குத்தான் காசு கட்டினோம். விரல் கணக்குப்படியே.