மறு: 'சர்க்கரைக் குறைவு' வேண்டாம், 'உண்டபின் சர்க்கரைச் சரிவு' என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் சிலருக்கு, சாப்பிட்டு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் ரத்தச் சர்க்கரை திடீரென விழுகிறது. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு இந்தக் குழுவில் இதுவரை வந்த சொற்கள்: 'எதிர்வினைச் சர்க்கரைக் குறைவு' (reactive hypoglycaemia), 'பிந்திய கொட்டல்' (late dumping), அப்புறம் வெறும் 'சர்க்கரைக் குறைவு'. கடைசிச் சொல் எளிமையாக இருப்பதால் பலர் அதன் பக்கம் நிற்கிறீர்கள். எனக்கு அந்தச் சொல்தான் பயமாக இருக்கிறது. காரணம் என் அக்கா.

அக்காவுக்கு இரைப்பை மாற்றுவழி அறுவை (gastric bypass) முடிந்து இரண்டு வருடம். அதற்கு முன் பதினைந்து வருடம் நீரிழிவு. போன மாதம் சிங்கப்பூர் தேக்காவில் ஒரு பரோட்டாவும் ஒரு தே தாரிக்கும் (இனிப்பான பால் தேநீர்) சாப்பிட்டார். ஒன்றரை மணி நேரம் கழித்து எம்ஆர்டி ரயிலில் வரும்போது கை நடுங்கி, முதுகெல்லாம் வியர்த்துவிட்டது. என்னைத் தம் மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பையில் இருந்த கருவியில் விரலைக் குத்திப் பார்த்தால் லிட்டருக்கு 2.8 மில்லிமோல். "சர்க்கரை குறைஞ்சிருச்சுக்கா" என்றேன். அந்த நடுக்கத்திலும் முகம் மலர்ந்து, "குறைஞ்சா நல்லதுதானேடா" என்றார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நம் பேச்சில் சர்க்கரை என்றாலே நோய். 'அவருக்குச் சர்க்கரை' என்கிறோம், 'சர்க்கரைக்கு மாத்திரை' என்கிறோம். பதினைந்து வருடம் ஒவ்வொரு முறை மருத்துவரிடம் போகும்போதும் 'குறைந்திருக்கிறது' என்ற சொல்லுக்காகவே காத்திருந்தவருக்கு, அதே சொல்லில் ஆபத்தைச் சொன்னால் எப்படி உறைக்கும்?

இன்னொரு கெடுதலும் உண்டு. குறைவு என்றதும், போதுமான அளவு சாப்பிடவில்லை என்று தோன்றிவிடுகிறது. உடனே ஒரு கப் மைலோ, இரண்டு பிஸ்கட். நடப்பதோ வேறு. அறுவைக்குப் பிறகு உணவு வயிற்றில் தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதில்லை, விரைந்து சிறுகுடலுக்குப் போய்விடுகிறது. மாவும் இனிப்பும் சட்டென ரத்தத்தில் ஏறுகின்றன. குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்கள் கணையத்தைத் தூண்டிவிட, இன்சுலின் தேவைக்கு மேல் சுரக்கிறது. ஏறிய வேகத்திலேயே சர்க்கரை விழுகிறது. மேடு இருந்தால்தானே சரிய முடியும்? 'சரிவு' என்ற சொல் அந்த மேட்டையும் சேர்த்தே சொல்கிறது. 'உண்டபின்' என்பது நேரத்தைச் சொல்லிவிடுகிறது. ஆகவே என் முன்மொழிவு 'உண்டபின் சர்க்கரைச் சரிவு'.

'எதிர்வினை' பாடநூலுக்குச் சரி. ஆனால் எதற்கு எதிர்வினை என்று நோயாளி கேட்டால் மறுபடி விளக்க வேண்டியிருக்கும். 'கொட்டல்' எனக்கு ஒட்டவில்லை. தேள் கொட்டும், குப்பையைக் கொட்டுவோம். சாப்பிட்ட சற்று நேரத்திலேயே வயிற்றைப் புரட்டி, படபடப்பும் பேதியும் வருகிறதே, அந்த முந்தைய நிலைக்கு (early dumping) 'விரைவிறக்கம்' என்று வைக்கலாம். 'சோறு இறங்கவில்லை' என்று நாம் சொல்வதுதானே? அங்கே இறங்குவது உணவு, இங்கே சரிவது சர்க்கரை. இரண்டையும் ஒரே சொல்லின் முந்தியது, பிந்தியது என்று ஆக்காமல் பிரித்தே வைப்பது நல்லது.

நோயாளிகளுக்காக நாங்கள் தயாரிக்கும் உணவு அறிவுரைத் தாளில் இதைப் போட்டுப் பார்த்தேன். 'சரிவைத் தடுக்க மேட்டைக் குறையுங்கள்' என்று எழுத முடிந்தது. அதற்குக் கீழே மற்றதெல்லாம் தானாக வந்து உட்கார்ந்தது: மீன், முட்டை, தவ்வு (டோஃபு) முதலில், பிறகு கீரை, காய், சோறு கடைசியில். நமக்குக் கடினமான மாற்றம்தான், இலையில் சோறு விழாமல் நாம் கையே வைப்பதில்லை. ஒரு வேளைக்கு மாவுச்சத்து 30 கிராம் அளவில், அதாவது ஏறத்தாழ 100 கிராம் சோறு. மூன்று பெரிய வேளைக்குப் பதிலாக ஐந்தாறு சின்ன வேளை. தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் அரை மணி நேரம் தள்ளி. காப்பிக்கடையில் தே தாரிக், பண்டோங் (ரோஜா சர்பத் கலந்த பால்) வேண்டாம், 'தே ஓ கோசோங்' (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) என்று கேளுங்கள்.

சரிந்தேவிட்டால், அதாவது 3.9 மில்லிமோலுக்குக் கீழே போனால், 15 கிராம் சர்க்கரை, சுமார் மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். ஏறியதும் ஓர் அவித்த முட்டையோ கொஞ்சம் கடலையோ சாப்பிட வேண்டும். இல்லையென்றால் அந்தச் சர்க்கரையே அடுத்த மேடாகிவிடும். மயங்கினால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழைக்க வேண்டும்.

நேற்று அக்காவிடம் தாளைக் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். தலைப்பைப் படித்துவிட்டு, "அன்னிக்கு ரயில்ல வந்துச்சே, அதுவா?" என்று கேட்டார்.

தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மருத்துவர்கள் யாருக்காவது 'சரிவு' மெதுவாக இறங்குவதைப் போலத் தொனிக்கிறதா? அப்படியென்றால் 'வீழ்ச்சி'யைப் பரிசீலிக்கலாம். வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து