தாத்தாவின் இரும்புப் பெட்டி

குழு: ராயபுரம் வீடு

கார்த்தி: (படம்) பரணில் இருந்த தாத்தாவின் இரும்புப் பெட்டியைத் திறந்தோம். பழைய வேட்டிக்கு அடியில் இது இருந்தது.

திவ்யா: பட்டாசா?

பெரியப்பா: தோட்டா. கை வைக்காதே.

கார்த்தி: 12 போர் (துப்பாக்கிக் குழல் அளவு), ஈலி-கைனாக் (பிராண்ட் பெயர்) என்று அட்டைப்பெட்டியில் இருக்கிறது. எண்ணிவிட்டேன், 19.

ராணி அத்தை: அப்பா பழவேற்காட்டுக்கு வாத்து சுடப் போனபோது வாங்கியது. பெரம்பூர் ரயில்வே காலனி அங்கிள் புல்லட்டில் வருவார். அம்மா விடியற்காலை 3 மணிக்கு எழுந்து இட்லி கட்டிக் கொடுப்பாள்.

பிரவீன்: 1800-களில் செய்த சாமானாக இருக்கும். ஒன்று பத்தாயிரத்துக்குப் போகும்.

சேகர் சித்தப்பா: இல்லை பிரவீன். கார்த்தி அனுப்பிய படத்தில் அட்டை ஓரத்தைப் பெரிதாக்கிப் பார். ஐ.சி.ஐ. என்று இருக்கிறது, ஈலி-கைனாக் அவர்களுடைய பிராண்ட். அந்தக் கம்பெனி உருவானதே 1926-ல்தான். அப்புறம், வெளிநாட்டில் இதைச் சேகரிப்பவர்கள் தோட்டாவைவிட அட்டைப்பெட்டியைத்தான் முதலில் பார்ப்பார்கள். பெட்டிக்கு 25 வரும். 25-ம் இருந்து, ஒட்டிய தாள் கிழியாமல், அச்சு மங்காமல் இருந்தால்தான் மதிப்பு. நம்முடையதில் 6 இல்லை, மழையில் நனைந்த கறை வேறு. இவை காகிதக் குழல் தோட்டா. ஈரம் பட்டால் குழல் ஊதிவிடும், துப்பாக்கிக்குள்ளேயே நுழையாது. பித்தளை அடியில் பச்சை பூத்திருக்கிறது பார், கடல் காற்று.

பிரவீன்: அப்படியென்றால் செத்த தோட்டாதானே?

சேகர் சித்தப்பா: அப்படிச் சொல்லவே முடியாது. மருந்து நமுத்திருக்கலாம், ஆனால் அடியில் நடுவில் இருக்கும், மருந்தைப் பற்றவைக்கும் சின்ன வட்டக் கேப் உயிரோடு இருக்கலாம். தண்ணீரில் ஊற வைத்தாலும் நம்ப முடியாது. எண்ணெய் போட்டுத் துடைக்கக் கூடாது, பிரிக்கக் கூடாது, குப்பையில் போடக் கூடாது. குப்பையை எரித்தால் என்ன ஆகும்? துப்பாக்கிக்கு வெளியே வெடித்தால் உள்ளே இருக்கும் ஈய ரவை அவ்வளவு வேகமாகப் போகாது, ஆனால் கேப்பும் பித்தளைத் துண்டும் தெறித்தால் கண் போய்விடும். பட்டாளத்தில் 17 வருடம் இருந்தவன் சொல்கிறேன்.

சித்தி: ஞாயிறு காசிமேட்டுக்கு யார் போகிறீர்கள்? எனக்கு ஒரு கிலோ சங்கரா.

பெரியப்பா: வஞ்சிரம் விலை கேட்டுச் சொல்.

கார்த்தி: சித்தப்பா, இப்போது எண்ணினால் 18.

சேகர் சித்தப்பா: என்ன?

பெரியப்பா: யார் எடுத்தது?

திவ்யா: பிரவீன் காலையில் வந்தான்.

ராணி அத்தை: பிரவீன்

பிரவீன்: தாத்தா ஞாபகமாக ஒன்று எடுத்தேன். சாவிக்கொத்தில் மாட்டலாம் என்று. ஓட்டை போட எம்.சி. ரோடு பக்கம் கொண்டு வந்திருக்கிறேன்.

சேகர் சித்தப்பா: டிரில் வைக்காதே. உடனே போன் எடு.

சேகர் சித்தப்பா: போன் எடு பிரவீன்

பிரவீன்: கடையில் கரண்ட் இல்லை. இன்னும் கொடுக்கவில்லை. திரும்பி வருகிறேன்.

ராணி அத்தை: முருகா.

சேகர் சித்தப்பா: வண்டி டேங்க் கவரில் வெயிலில் வைக்காதே. இருந்த பெட்டியிலேயே திரும்ப வை, பெட்டியைப் பூட்டு. சமையலறைப் பக்கம் வேண்டாம். இன்னொன்று, 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கு மட்டும் இல்லை, தோட்டாவுக்கும் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் வாரிசுகள் தாமதிக்காமல் பக்கத்து ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைக்க வேண்டும். விற்பது, கூரியரில் அனுப்புவது என்ற பேச்சே வேண்டாம்.

பெரியப்பா: அப்பா போன அந்த மாதமே துப்பாக்கியைக் கடையில் ஒப்படைத்துவிட்டேன். ரசீது என் பீரோவில் இருக்கிறது.

ராணி அத்தை: அந்த ரசீதை இத்தனை வருடத்தில் யாரும் பார்த்ததில்லை அண்ணா. கடைக்காரர் பணம் கொடுத்தாரா இல்லையா என்பதும் தெரியாது.

பெரியப்பா: மறுபடியும் ஆரம்பிக்காதே ராணி. 72-ல் வனவிலங்குச் சட்டம் வந்ததும் அப்பா சுடுவதையே விட்டுவிட்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு தேர்தலுக்கும் துப்பாக்கியை ஸ்டேஷனில் கொடுத்து வாங்க அவரோடு நடந்தவன் நான். நீ வந்தாயா?

திவ்யா: பெரியப்பா, அத்தை, ப்ளீஸ்.

கார்த்தி: பிரவீன் வந்துவிட்டான். 19. பெட்டியைப் பூட்டி மேல் அறையில் வைத்தாயிற்று.

சேகர் சித்தப்பா: நல்லது. நாமே பையில் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். முதலில் ஸ்டேஷனில் போய்ச் சொல்வோம், அவர்கள் எப்படிச் சொல்கிறார்களோ அப்படி. அண்ணா, லைசென்ஸ் புத்தகமும் ரசீதும் எடுத்து வையுங்கள்.

பெரியப்பா: நாளைக்கு அமாவாசை. திங்கள் பார்க்கலாம்.

சேகர் சித்தப்பா: திங்கள் வீட்டை இடித்துக் கட்டும் புரொமோட்டர் ஆட்கள் ஜன்னல் கழற்ற வருகிறார்கள். அதற்கு முன்னால் முடிய வேண்டும்.

சித்தி: அமாவாசை என்றால் ஞாயிறு மீன் உண்டா இல்லையா?

பிரவீன்: வெறும் அட்டைப்பெட்டியை மட்டும் நான் வைத்துக்கொள்ளட்டுமா சித்தப்பா?

சேகர் சித்தப்பா: ஸ்டேஷனில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

ராணி அத்தை: அட்டைப்பெட்டி எனக்கு வேண்டும். அதன் பின்பக்கம் அப்பா பென்சிலில் கணக்கு எழுதியிருப்பார். கார்த்தி, திருப்பிப் பார்த்தாயா?

கார்த்தி: ஆமாம் அத்தை, தேதியும் எண்ணும் இருக்கிறது. ஒரு வரியில் "ராணிக்குக் காய்ச்சல், போகவில்லை" என்று இருக்கிறது.

ராணி அத்தை: படம் அனுப்பு.