உதவி தேவை: ரைஃபிளின் நைலான் ஸ்லிங் (துப்பாக்கி வார்) கையில் நிற்கவில்லை, குரூப்பும் (குண்டுகள் சேர்ந்து விழும் இடம்) கீழே இறங்குகிறது

படுகுறி:
பழைய ராணுவ மாதிரி போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள், மரக்கட்டை, இரும்பு சைட் (லென்ஸ் இல்லாத குறிபார்ப்பான்). இப்போது போட்டிருப்பது 1 அங்குல நைலான் வார். தோளில் மாட்டினால் வழுக்கி இறங்குகிறது. குப்புறப் படுத்து மேற்கையில் சுற்றி இறுக்கினால் கொஞ்ச நேரத்தில் முழங்கைப் பக்கம் நழுவி வந்துவிடுகிறது, அதோடு முன் சைட் நாடித்துடிப்புக்கு ஏற்ப எகிறுகிறது. மணல் மூட்டையில் வைத்துச் சுட்டால் நடுவில் விழும் குரூப், ஸ்லிங் போட்டால் கீழே இடப்பக்கமாகப் போகிறது. தோலுக்கு மாறலாமா, பருத்தியா, இல்லை இப்போது எல்லோரும் மாட்டுகிற, துப்பாக்கியில் ஒரே இடத்தில் கோக்கும் ஒற்றைப் புள்ளி ஸ்லிங்கா?

பழையதோல்:
ஒற்றைப் புள்ளியை முதலில் மறந்துவிடுங்கள். அது குட்டையான துப்பாக்கிக்கு, தோள் மாற்றிச் சுடுபவர்களுக்கு. நீளமான ரைஃபிளை அதில் தொங்கவிட்டு நடந்தால் முழங்காலில் இடித்துக்கொண்டே வரும், சுடும்போது தாங்கலும் கிடைக்காது.

உங்களுக்குச் சரியானது அமெரிக்க ராணுவத்தின் எம்1907 மாதிரி தோல் ஸ்லிங். 1¼ அங்குல அகலம், இரண்டு துண்டு வார், பித்தளைக் கொக்கிகள், வரிசையாக ஜோடித் துளைகள். பார்த்தால் சிக்கலாக இருக்கும். ஆனால் எந்தத் துளையில் உங்களுக்குச் சரியாக இருக்கிறது என்று ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் அடுத்த முறையும் கொக்கி அதே இடத்தில்தான், அதே இறுக்கம்தான். பக்கிளில் நகரும் வாரில் இது நடக்காது.

ஈரக்காற்று:
தோல் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஈரமான இடத்தில் சும்மா மாட்டிவைத்தால் பூஞ்சை பிடிக்கும், பித்தளைக் கொக்கியைச் சுற்றிப் பச்சையாக மெழுகு போல ஒன்று கிளம்பும். அதைத் துடைத்துவிட்டு எண்ணெய் போடுகிறேன் என்று ஊற்றவும் கூடாது, தோல் தொளதொளவென்று ஆகி நீண்டுவிடும், அப்புறம் துளைக் கணக்கெல்லாம் வீண்.

இரண்டாம் உலகப் போரின்போதே அமெரிக்கர்கள் தோலைவிட எளிதான ஒற்றைத் துண்டு பருத்தி வாரைக் கொண்டுவந்தார்கள், எம்1 ஸ்லிங் என்பார்கள். மேற்கையில் போடும் வளையம் அதில் சட்டென்று ஆகிவிடும், துணி சொரசொரப்பாக இருப்பதால் வழுக்காது. நனைந்தால் விறைத்துக்கொள்ளும், ஈரத்தோடு சுருட்டி வைத்தால் இற்றுப்போகும். நைலானுக்கு மட்கும் தொல்லை இல்லை, ஆனால் அது தண்ணீரை உறிஞ்சி நெகிழும். செயற்கை இழைதான் வேண்டும் என்றால் பாலியெஸ்டர் பாருங்கள், ஈரத்தை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை.

வளையம்:
ஸ்லிங்கை மாற்றுவதற்கு முன் போடும் விதத்தைப் பாருங்கள். வளையம் மேற்கையின் நடுவில் உட்கார்ந்தால் நாடி சைட்டில் தெரியத்தான் செய்யும். அக்குள் பக்கம், தோள் தசைக்குக் கீழே ஏற்றி வையுங்கள், தடித்த மேற்சட்டை போடுங்கள். துடிப்பும் குறையும், நழுவுவதும் நிற்கும். இழுவிசை முன் ஸ்விவலுக்கும் (துப்பாக்கியில் வார் மாட்டும் கண்ணி) மேற்கைக்கும் இடையில் மட்டும்தான் இருக்க வேண்டும், பின்பக்க வார் தளர்ந்து தொங்க வேண்டும். பின்வாரும் விறைப்பாக இருந்தால் கட்டையைச் சாய்த்து இழுக்கும்.

குரூப் இறங்குவதற்கும் ஸ்லிங்கின் துணிக்கும் சம்பந்தமில்லை. முன் ஸ்விவல் பட்டையில் இருக்கிறது, பட்டை முன்கட்டையையும் குழலையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது, நீங்கள் இழுத்தால் குழல் மீது அழுத்தம் ஏறுகிறது. குழலைத் தொடாத முன்கைப்பிடி உள்ள ரைஃபிள்களில் இந்தத் தொல்லை அவ்வளவாக வராது. உங்களுடையதில் ஸ்லிங் இறுக்கத்தோடேயே ஜீரோ செய்யுங்கள் (பார்க்கும் குறியில் குண்டு விழும்படி சைட்டைத் திருத்துங்கள்), மூட்டையில் வைத்துச் செய்த ஜீரோவை நம்பாதீர்கள்.

படுகுறி:
வளையத்தை மேலே ஏற்றிப் பின்வாரைத் தளர்த்தினேன். சைட் எகிறுவது பெரும்பாலும் நின்றுவிட்டது, நைலானே ஓரளவு நிற்கிறது! குரூப் இன்னும் கீழேதான், ஆனால் ஒரே இடத்தில் விழுகிறது, சைட்டை ஏற்றிவிடலாம். ஸ்விவல் 1¼ அங்குலம், வார் 1 அங்குலம், அதனால் பக்கவாட்டில் ஓடுகிறது என்பதையும் இப்போதுதான் கவனித்தேன். தோலே வாங்குகிறேன். கொக்கி துளையிலிருந்து கழன்றுவிடும் என்கிறார்களே?

பழையதோல்:
வார் தளரும்போது கழலும். தோல் வளையம் ஒன்று வாரில் ஓடும் பாருங்கள், அதைக் கொக்கியை ஒட்டி இறுக்கமாகத் தள்ளிவிடுங்கள், கழலாது. புதுத் தோல் கொஞ்ச நாள் நீளும், அதனால் துளை எண்ணை உடனே குறித்துவைக்காதீர்கள்.