லீட் ஆன பிறகு படிக்க எந்தப் புத்தகம்?

நிழல்மரம் கேட்டது:

நான்கு மாதம் முன்பு என்னை ஆறு பேர் கொண்ட ஒரு டெஸ்டிங் குழுவுக்கு லீடாகப் போட்டார்கள். அதற்கு முன் ஒன்பது வருடம் என் வேலை உண்டு, நான் உண்டு என்று இருந்தவன். வேலையைச் சுத்தமாக முடிப்பவன் என்ற பெயரால்தான் இந்தப் பொறுப்பு வந்தது. இப்போது அந்தப் பழக்கமே குறுக்கே நிற்கிறது. குழுவில் யாராவது ரிப்போர்ட் அனுப்பினால், குறையைச் சொல்லித் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. ராத்திரி உட்கார்ந்து நானே மாற்றி எழுதிவிடுகிறேன்.

போன வாரம் குழுவில் வயதில் சிறிய பெண் கேட்டாள்: "நான் எழுதினதுல ஒரு வரிகூட மிச்சம் இல்லையே சார், அப்புறம் நான் எதுக்கு எழுதணும்?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு நாள் சரியாகத் தூக்கமும் இல்லை.

தலைமைப் பொறுப்பு பற்றி நான் படித்தது ஜிம் காலின்ஸின் 'குட் டு கிரேட்' ஒன்றுதான். சமீப வருடங்களில் வந்தவற்றில் எதைப் படிக்கலாம்? விளையாட்டு சம்பந்தப்பட்டது என்றாலும் சரி, பள்ளிக் காலத்தில் வாலிபால் ஆடியவன் நான். ஒரே ஒரு வேண்டுகோள்: எழுதியவர் தான் தவறிய இடத்தையும் சொல்லியிருக்க வேண்டும்.

வார்டு_விளக்கு:

தம்பி, ஏமி எட்மண்ட்சன் எழுதிய 'ரைட் கைண்ட் ஆஃப் ராங்' படியுங்கள். 2023-ல் வந்தது. நான் ஒரு மருத்துவமனை வார்டில் பொறுப்பு நர்ஸ். அந்தப் புத்தகம் என் தொழிலுக்குள்ளிருந்தே தொடங்குவதால் எனக்குக் கூடுதல் ஒட்டுதல்.

எட்மண்ட்சன் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்த குழுவில் இருந்தார். ஒற்றுமையாக வேலை செய்யும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. கணக்குப் போட்டுப் பார்த்தால் தலைகீழ். நல்ல குழுக்களில்தான் தவறுகளின் எண்ணிக்கை அதிகம்! தன் ஆராய்ச்சியே போய்விட்டது என்று நினைத்திருக்கிறார். யோசித்துப் பார்த்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. அந்தக் குழுக்களில் தவறு அதிகம் நடக்கவில்லை, நடந்ததை மறைக்காமல் சொன்னார்கள். மற்ற இடங்களில் வாயே திறக்கவில்லை. அவரை உலகம் அறியச் செய்த 'உளவியல் பாதுகாப்பு' (தவறைப் பயமில்லாமல் சொல்லலாம் என்ற நம்பிக்கை) ஆய்வுக்கெல்லாம் விதை அந்தச் சறுக்கல்தான். நீங்கள் கேட்ட நிபந்தனைக்கு இதைவிடப் பொருத்தமான புத்தகம் எனக்குத் தெரியாது.

படித்து முடித்ததும் நான் மாற்றியது ஒரே ஒரு கேள்வியை. காலையில் ஷிஃப்ட் மாறும்போது "ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்பேன். "இல்லை சிஸ்டர்" என்று வரும், அதோடு சரி. அதை விட்டுவிட்டு "ராத்திரி எந்த இடத்தில் ஒரு நிமிஷம் தயங்கினீங்க?" என்று கேட்க ஆரம்பித்தேன். மூன்று நாள் யாரும் வாய் திறக்கவில்லை. நான்காம் நாள் ஒரு பெண் சொன்னாள்: ஒரே மாதிரி மூடி போட்ட இரண்டு மருந்துக் குப்பிகள் டிராயரில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, கை தவறான குப்பிக்குப் போய்த் திரும்பியது என்று. அன்றைக்கே பிரித்து வைத்தோம். இரண்டு வருடமாக அந்த டிராயரைத் தினமும் திறந்த என் கண்ணில் அது படவே இல்லை.

உங்கள் குழுவிலிருக்கும் அந்தப் பெண் மனதில் பட்டதை நேரில் கேட்டிருக்கிறாள். அது உங்களுக்குக் கிடைத்த நல்ல விஷயம், விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது_சுற்று:

நான் ஓட்டப் பயிற்சி கொடுப்பவன். ஆனி டியூக்கின் 'க்விட்' (2022) படிக்கலாம். எப்போது விட வேண்டும் என்பதுதான் மொத்தப் புத்தகமும். டியூக் தொழில்முறையாகப் போக்கர் ஆடியவர்.

அதில் 1996 மே மாத எவரெஸ்ட் சம்பவம் வருகிறது. ஒரு மலையேற்றக் குழுவினர், மதியம் 1 மணிக்குள் சிகரத்தை எட்டாவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். வழியில் நெரிசல். நேரத்துக்குள் முடியாது என்று கணக்குப் போட்ட மூன்று பேர் திரும்பினார்கள், பிழைத்தார்கள். குழுவின் தலைவர் ராப் ஹால் அந்த நேரம் தாண்டியும் மேலேயே இருந்தார், பின்தங்கி வந்துகொண்டிருந்த குழு உறுப்பினர் டக் ஹேன்சனுக்காக. முந்தைய வருடம் சிகரத்துக்குக் கொஞ்சம் கீழே அதே ஹேன்சனைத் திருப்பி அழைத்து வந்தவரும் ஹால்தான். புயலில் இருவருமே திரும்பவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பொறுப்பில் இருப்பவருக்குப் பாசமும் எப்படிக் கண்ணை மறைக்கும் என்பதை நான் அங்கேதான் பார்த்தேன். திரும்பிப் போன மூவரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எல்லையை மனம் தெளிவாக இருக்கும்போதே குறித்து வைக்க வேண்டும் என்கிறார் டியூக். உங்கள் விஷயத்தில் அது "சாயங்காலம் 7 மணிக்கு மேல் மற்றவர் ரிப்போர்ட்டைத் திறக்க மாட்டேன்" என்பதாக இருக்கலாம். காலையில் எழுதி ஒட்டி வையுங்கள். ராத்திரி முடிவெடுக்கலாம் என்று விட்டால் நடக்காது.

கணக்குப்புலி:

ஒரு எச்சரிக்கை மட்டும். ஜெயித்தவர்களைப் பின்னோக்கிப் பார்த்து விதி எழுதும் புத்தகங்களைக் கவனமாகப் படியுங்கள். நீங்கள் சொன்ன 'குட் டு கிரேட்' 2001-ல் வந்தது. அது உதாரணமாகக் காட்டிய 11 நிறுவனங்களில் எலக்ட்ரானிக்ஸ் கடைச் சங்கிலியான சர்க்யூட் சிட்டி 2008-ல் திவாலானது. வீட்டுக் கடன் நிறுவனமான ஃபேனி மே அதே வருடம் அமெரிக்க அரசின் பொறுப்பில் போனது. புத்தகத்தில் நல்ல யோசனை இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதே குணங்கள் இருந்தும் தோற்றவர்கள் எத்தனை பேர் என்று அந்த மாதிரிப் புத்தகங்களைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது.

விளையாட்டு பற்றிக் கேட்டதால் இன்னொன்று. ரோஜர் ஃபெடரர் 2024-ல் டார்ட்மத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் பேசியதைக் கேளுங்கள். அவர் ஆடியது 1,526 ஒற்றையர் ஆட்டங்கள், ஜெயித்தது கிட்டத்தட்ட 80 சதவீதம். ஆனால் வென்ற புள்ளிகள் வெறும் 54 சதவீதம்தான். ஒரு வரிகூடத் தப்பக் கூடாது என்று நினைக்கும் உங்களுக்காகவே சொன்ன கணக்கு போல இருக்கிறது.

நிழல்மரம்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. எட்மண்ட்சன் புத்தகத்தில் பாதி தாண்டிவிட்டேன். நேற்று அந்தப் பெண்ணின் ரிப்போர்ட் வந்தது. கை வைக்கவில்லை. ஓரத்தில் மூன்று கேள்வி மட்டும் எழுதி 7 மணிக்கு முன்னால் திருப்பி அனுப்பினேன். காலையில் வந்து உட்கார்ந்து பேசினாள். இரண்டு இடத்தில் அவள் எழுதியதுதான் சரி. நான் மாற்றியிருந்தால் தப்பாகப் போயிருக்கும். மூன்றாவது கேள்வியில் இன்னும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை, நாளைக்கு மீண்டும் பேசுவதாக இருக்கிறோம்.

வார்டு_விளக்கு அக்கா, அந்த முதல் மூன்று நாள் யாரும் பேசாமல் இருந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? அதைக் கொஞ்சம் விரிவாக எழுதுங்களேன்.