அனிமார்ஃப்ஸ் படித்து வளர்ந்தவர்கள் இங்கே யார் யார்? அனுபவத்தைச் சொல்லுங்கள்

புக்கிட் பாத்தோக் வாசகன்:

தொண்ணூறுகளின் கடைசியில் இங்கே சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளிக்குப் போனவர்கள் அந்தப் புத்தக அட்டைகளை மறந்திருக்க மாட்டீர்கள். ஒன்றில் ஒரு பையன் படிப்படியாகப் பல்லியாகிக்கொண்டிருப்பான், இன்னொன்றில் ஒரு பெண் பூனையாகிக்கொண்டிருப்பாள். நடுவில் வரும் அந்தப் பாதி மனித, பாதி மிருக முகம் பார்க்கவே அருவருப்பாக இருக்கும், அதற்காகவே கையில் எடுப்போம். உள்ளே பக்கங்களின் கீழ் மூலையில் குட்டிக் குட்டிப் படங்கள். கட்டைவிரலால் விர்ரென்று விட்டால் ஆள் மிருகமாவது சினிமா போல ஓடும். நூலகப் பிரதிகளில் அந்த மூலை மட்டும் கறுத்துப் போயிருக்கும்.

படிக்காதவர்களுக்கு: கே. ஏ. ஆப்பிள்கேட் பெயரில் 1996 ஜூன் தொடங்கி 2001 மே வரை வந்த அமெரிக்கத் தொடர், மொத்தம் 54 புத்தகம், கிளைக்கதைகள் தனி. கடைத்தொகுதியிலிருந்து வீட்டுக்கு நடந்துபோகும் ஜேக், ரேச்சல், டோபையாஸ், கேஸி, மார்கோ என்ற ஐந்து பிள்ளைகள், பாதியில் கைவிடப்பட்ட ஒரு கட்டுமான இடத்தில், விழுந்து கிடக்கும் வேற்றுக்கிரக வீரன் ஒருவனைப் பார்க்கிறார்கள். சாகும் முன் அவன் அவர்களுக்கு ஒரு சக்தியைக் கொடுக்கிறான். எந்த உயிரைத் தொட்டாலும் அதன் உருவை எடுக்கலாம், ஆனால் இரண்டு மணி நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும், தாண்டினால் அப்படியே நின்றுபோக வேண்டியதுதான். எதிரி யீர்க் என்ற நத்தை மாதிரியான ஒரு ஜீவன், காது வழியாக நுழைந்து மூளையைச் சுற்றிக்கொள்ளும். ஆள் வெளியே வழக்கம்போலப் பேசுவான், சிரிப்பான். உள்ளே அடைபட்டுக் கத்துகிறவன் குரல் யாருக்கும் கேட்காது. கூட்டத்துக்குத் தலைவனான ஜேக்கின் சொந்த அண்ணன் டாமே அப்படித்தான்.

இதைப் படித்துவிட்டு எதிரே உட்கார்ந்து சோறு சாப்பிடும் என் அண்ணனை நான் பார்த்த பார்வை இருக்கிறதே! யீர்க்குகளுக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை வெளியே வந்து அவற்றின் குளத்தில் தீனி எடுக்க வேண்டும். அண்ணன் வாரத்தில் இரண்டு நாள் துணைப்பாட வகுப்புக்குப் போவான். கணக்குச் சரியாக வந்தது. போதாக்குறைக்கு அடிக்கடி காதையும் குடைவான்.

நான் கேட்க வந்தது இதுதான். இந்தத் தொடர் பிள்ளைகளிடம் எதையும் மறைக்கவில்லை, கடைசிப் புத்தகம் வரை. அது சரிதானா? நீங்கள் எங்கே பிடித்தீர்கள், எதுவரை படித்தீர்கள், முடிவு உங்களுக்கு எப்படி இருந்தது?

ஈசூன் அக்கா:

தம்பி, வரிசையாகப் படித்தவர் யாராவது இந்தத் தீவில் இருந்தால் அவருக்கு மாலை போட வேண்டும். நூலகத்தில் 3 இருந்தால் 4 இருக்காது, 4 கிடைக்கும்போது நமக்குப் பரீட்சை. மிச்சத்தை பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் பழைய புத்தகக் கடைகளில் குனிந்து குனிந்து தேடுவேன். எனக்கு முதலில் அகப்பட்டது 22. அதுவே மூன்று புத்தகமாக வரும் டேவிட் கதையின் கடைசிப் பாகம், முன்கதை ஒன்றும் தெரியாது. ஆனால் தொடரில் அதுதான் ஆகக் கொடூரமான இடம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

டேவிட் புது ஆளாகச் சேர்ந்து, பிறகு துரோகியாகிறான். அவனைக் கொல்ல இவர்களுக்கு மனம் வரவில்லை. அதனால் தந்திரமாக எலி உருவில் அடைத்துவைத்து இரண்டு மணி நேரத்தைக் கடத்துகிறார்கள். ரேச்சலும், இவர்களோடு சேர்ந்துகொண்ட வேற்றுக்கிரகப் பையன் ஆக்ஸும் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் மனத்தால் பேசிக் கெஞ்சுகிறான், அப்புறம் அலறுகிறான், இவள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் கொண்டுபோய் ஒரு பாறைத் தீவில் விட்டுவிடுகிறார்கள். கொன்றிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது. நல்லவர்கள் செய்த காரியம் இது! பிள்ளைகள் புத்தகத்தில் நல்லவர்கள் கை இப்படி அழுக்காகி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டோபையாஸ் முதல் புத்தகத்திலேயே நேரம் தாண்டிப் பருந்தாக நின்றுவிடுகிறான் இல்லையா, அதை நான் தாத்தாவிடம் சொன்னேன். அவர் தமிழ் முரசு நாளிதழை மடித்து வைத்துவிட்டு, “இது திருமூலர் கதையாச்சே” என்றார். சாத்தனூரில் மூலன் என்ற இடையன் செத்துக் கிடக்கிறான், மாடுகள் சுற்றி நின்று கதறுகின்றன. அதைப் பொறுக்காமல் சித்தர் தன் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டு அவன் உடலுக்குள் புகுந்து, மாடுகளை ஊர் சேர்த்துவிட்டு வந்து பார்த்தால், விட்டுப்போன உடம்பைக் காணோம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் திருமூலருக்கு அது ஈசன் அருள், உட்கார்ந்து திருமந்திரம் பாடிவிட்டார். டோபையாஸ் பாவம், பசி பொறுக்காமல் ஓர் எலியைக் கொன்று தின்றுவிட்டு வெட்கத்தில் நண்பர்கள் முகத்தில் விழிக்க முடியாமல் கிடக்கிறான். மூன்றாம் புத்தகம் முழுக்க அதுதான். கூடு விட்டுக் கூடு பாய்கிற கதை நமக்குப் புதிதில்லை, பாய்ந்தபிறகு அந்தக் கூட்டின் பசி நம் பசியாகிவிடும் என்பதை இவ்வளவு கிட்டத்தில் காட்டியது இந்தத் தொடர்தான்.

தோ பாயோ சாப்பாட்டுராமன்:

எல்லாரும் சோகமாகவே பேசினால் எப்படி? ஆக்ஸை மறந்துவிட்டீர்களே. அவன் இனத்துக்கு வாயே கிடையாது, மனித உருவெடுத்தால்தான் சுவை தெரியும். தெரிந்ததும் பையன் ஒரு நிலையில் இருக்கமாட்டான். இலவங்கப்பட்டை ரொட்டியைப் பார்த்தால் உலகப்போர் நின்றுபோகும். அவனைத் தேக்கா ஈரச்சந்தை உணவுக்கடைகளில் கொண்டுவந்து விட்டால் என்ன ஆகும் என்று நானும் என் சிநேகிதனும் வகுப்பு நேரத்தில் தாள் மாற்றி மாற்றி ஒரு கதையே எழுதினோம். இரண்டு மணி நேரம் முடிவதற்குள் பிரியாணி வரிசை நகரவில்லை என்பதுதான் கதையின் சிக்கல்.

17ஆம் புத்தகத்தில் யீர்க்குகளுக்கு ஒரு குறிப்பிட்ட வகை உடனடி ஓட்ஸ் கஞ்சி போதையாகிப் பைத்தியம் பிடித்துவிடும். உலகைக் காப்பாற்ற ஓட்ஸ்! எங்கள் வீட்டில் காலையில் ஓட்ஸ் வைத்தால் அப்பா முகத்தை உற்றுப் பார்ப்பேன், ஏதாவது ஆகிறதா என்று.

உட்லண்ட்ஸ் ஆசிரியை:

நான் கொஞ்சம் எதிர்த்துப் பேசப் போகிறேன், கோபப்படாதீர்கள். 54 புத்தகமும் நன்றாக இருந்தது என்று யாரும் சொல்லவேண்டாம். 25க்குப் பிறகு பெரும்பாலானவற்றை வேறு எழுத்தாளர்களை வைத்து எழுதியிருக்கிறார்கள். முன்பக்கத்தில் கையெழுத்துப் பிரதியைத் தயாரிக்க உதவியவருக்கு நன்றி என்று ஒரு வரி இருக்கும், அதைப் பார்த்ததும் உஷாராகிவிடலாம். கேஸி ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் கங்காருவாகத் திரிகிற 44 என்ன, பொடிப்பொடி வேற்றுக்கிரகவாசிகள் உலகை ஆளக் கிளம்புகிற கதைகள் என்ன, எடுத்து வெளியே போட்டாலும் தொடருக்கு ஒரு நட்டமும் இல்லை. மாதம் ஒரு புத்தகம் என்ற கணக்கில் ஓடினால் இப்படித்தான் ஆகும். ஆப்பிள்கேட்டும் அவர் கணவர் மைக்கேல் கிராண்டும் சேர்ந்து எழுதியவைதான் தொடரின் உயிர்.

முடிவுக்கு வருகிறேன். ரேச்சலைக் கொன்றது எனக்கு இன்றுவரை ஆறவில்லை. சண்டையில் சாகிறாள் என்பதற்காக இல்லை. அவளுக்குச் சண்டை பிடித்துப்போய்விட்டது, சமாதானம் வந்தால் இவள் எங்கே போவாள் என்று ஆசிரியருக்கே தெரியவில்லை, அதனால் சாகடித்துவிட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். ஜேக் அவளை அனுப்பும்போதே திரும்பமாட்டாள் என்று தெரிந்தே அனுப்புகிறான், அதுவும் தன் அண்ணனைக் கொல்ல. அவள் அவனுக்குச் சித்தப்பா பெரியப்பா முறைத் தங்கை வேறு. அதோடு விட்டார்களா? மிச்சப்பேரில் சிலர் விண்கலத்தில் போய் எதிரிக்கப்பல் மீது மோதச்சொல்லி ஜேக் உத்தரவு கொடுப்பதோடு கதையைத் துண்டித்துவிட்டார்கள். பிழைத்தார்களா, இல்லையா? ஐந்து வருடம் கூடவே வந்த பிள்ளைகளுக்கு இதுதான் மரியாதையா?

வாசகர்கள் திட்டித் தீர்த்ததும் ஆப்பிள்கேட் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார், ஞாபகம் இருக்கும். இது போர்க்கதை, போர்கள் சந்தோஷமாக முடிவதில்லை என்ற தோரணையில். கடிதம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கடிதம் போட்டு விளக்கவேண்டிய முடிவை நான் பாதி முடிவு என்றுதான் சொல்வேன்.

பெயர் வேண்டாம், ஜூரோங்:

டீச்சர், மன்னிக்கணும், நான் அந்தக் கட்சியில்லை.

கடைசிப் புத்தகங்களை முதலில் படித்தபோது பள்ளி மாணவன், எனக்கும் உங்கள் கோபம்தான். அப்புறம் தேசிய சேவையில், கட்டாய ராணுவப் பயிற்சிக் காலத்தில், ஒரு வார இறுதி விடுப்பில் வீட்டுக்கு வந்தவன் பச்சை உடுப்பைத் துவைக்கப் போட்டுவிட்டு அலமாரியைக் கிளறும்போது 53 கையில் பட்டது, சும்மா புரட்டலாம் என்று எடுத்து ஜேக் இன்னோர் உத்தரவைக் கொடுக்கும் இடத்துக்கு வந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். 17,372 யீர்க்குகள். குளத்தில் கிடக்கின்றன, எந்த உடலிலும் இல்லை, கண்கூடக் கிடையாது, எதிர்த்து ஒன்றும் செய்ய முடியாதவை. எல்லாவற்றையும் விண்வெளியில் கொட்டச் சொல்கிறான். எதிரியின் கவனத்தைத் திருப்ப, கொஞ்சம் ஆத்திரத்திலும். அதைச் சொன்னவனுக்கு என்னைவிட வயது குறைவு.

சின்ன வயதில் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன், எண் மட்டும் பெரிதாக இருந்தது நினைவிருந்தது. இப்போது உத்தரவுக்குக் கீழ்ப்படியக் கற்றுக்கொடுக்கப்பட்டுக்கொண்டிருந்த நேரம். அதனால் வேறு மாதிரி உறைத்தது. பிறகு 54இல், ஹேக் நகரில் எதிரித் தளபதியின் போர்க்குற்ற விசாரணை நடக்கிறது, சாட்சி சொல்லப்போன ஜேக்கிடம் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த 17,372ஐத்தான் எடுத்து வைக்கிறார். அவன் ஊருக்கு வீரன், ஆனால் அதற்கப்புறம் அவனால் ஒழுங்காக எழுந்து நடமாட முடியவில்லை. மார்கோ பணமும் புகழுமாக இருக்கிறான், டோபையாஸ் காட்டுக்குள் போய்விடுகிறான், கேஸி மட்டும் பிழைப்பைப் பார்க்கிறாள். உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பினால் திரும்பி வருகிறவர்கள் இப்படித்தான் வருவார்கள். ரேச்சலை உயிரோடு விட்டு எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொள்ளும் முடிவு வைத்திருந்தால் அதற்கு முந்தைய 53ம் பொய்யாகியிருக்கும்.

துண்டித்த முடிவு பற்றி நீங்கள் சொல்வதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். ஆக்ஸ் என்ன ஆனான் என்று இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

பாசிர் ரிஸ் அம்மா:

நான் இந்தத் தொடரைப் படித்து வளரவில்லை, திருமணமாகித் திருச்சியிலிருந்து வந்தவள். தொடக்கநிலை நான்கில் படிக்கும் மகன் மூலமாக வந்தேன். 2020இலிருந்து கிறிஸ் கிரைன் வரைந்து வரும் படக்கதைப் பதிப்பு அவன் கையில். எங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன்.

போன பள்ளி விடுமுறையில் மண்டாய் பறவைப் பூங்காவுக்குப் போனோம். கூட்டிப்போன இடமெல்லாம் வேலியைத் தாண்டிக் கையை நீட்டுகிறான். கேட்டால், தொட்டால்தான் உருவத்தை எடுக்க முடியுமாம், தொட்டதும் அந்தப் பிராணி மயங்கின மாதிரி அமைதியாகிவிடுமாம். பூங்கா ஊழியர் இரண்டு தடவை அதட்டிவிட்டார். வீட்டுப் பக்கம் மைனாக்கள்தான், அவை கிட்டே வருமே தவிரத் தொடவிடாது. இப்போதைக்கு நீர்நாயாவதுதான் திட்டம். பீஷான் பூங்காவில் பார்த்ததிலிருந்து அதே பேச்சு, கூட்டமாகப் போகலாம், யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள், மீன் இலவசம் என்கிறான்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் ராத்திரி வந்து, “அம்மா, உங்க காதுக்குள்ள ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டு டார்ச் அடித்துப் பார்த்தான். அன்றைக்கு எனக்குச் சுருக்கென்றது. மேலே நீங்கள் எழுதியதை எல்லாம் படித்தபிறகு எலிக் கதை, 17,372 எல்லாம் இவனுக்குத் தாங்குமா என்று கவலையாக இருக்கிறது. நிறுத்திவிடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஈசூன் அக்கா:

நிறுத்தாதீங்கம்மா. நிறுத்தினால் ஒளித்து வைத்துப் படிப்பான், பயம் வந்தால் உங்களிடம் வந்து சொல்லவும் மாட்டான். இப்போது டார்ச் எடுத்துக்கொண்டு உங்களிடம்தானே வந்தான்? படக்கதை முதல் புத்தகத்திலிருந்து நிதானமாகத்தான் வருகிறது, டேவிட் கதைக்கு வர இன்னும் நாளிருக்கிறது. பழைய எழுத்துப் புத்தகங்களுக்குத் தாவுவதாக இருந்தால் மட்டும் 19 வரை கொடுங்கள், 20, 21, 22ஐ உயர்நிலை ஒன்றுக்கு அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள். அதற்குள் அவனே கேட்கமாட்டான், இல்லையென்றால் தயாராகியிருப்பான்.

புக்கிட் பாத்தோக் வாசகன்:

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 23க்குப் போகும் முன் ஆண்டலைட் குரோனிக்கிள்ஸ் என்ற கிளைக்கதையைப் படிக்கக் கொடுத்துவிடுங்கள், முதல் புத்தகத்தில் செத்துப்போகும் வீரனின் கதை. அதைப் படித்துவிட்டு 23ஐ எடுத்தால் டோபையாஸுக்கு அதில் கிடைக்கும் செய்தி நமக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும், அவனுக்குத் தெரியாது. அந்தத் தவிப்பே தனி. டீச்சர், ரேச்சல் விஷயத்தில் உங்கள் கட்சியில் நான் பாதி இருக்கிறேன், அண்ணனைக் கொல்ல ஜேக்கே போயிருக்க வேண்டும். ஜூரோங் தம்பி கோபித்துக்கொள்ளட்டும். என் அண்ணனிடம் இந்த இழையைக் காட்டினேன், துணைப்பாட வகுப்புக்குப் போகாமல் பந்து விளையாடப் போனதாக இப்போதுதான் சொல்கிறார்.