பதி ஓவனின் குமிழுக்குத் தமிழ்: ‘உறைபனி நீக்கி’, ‘வாட்டி’ பொருந்துமா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தில் பழைய வீட்டைப் புதுப்பிப்பவர்களும் புதிதாகக் கட்டுபவர்களும் அடுப்படி அலமாரிக்குள் பொருத்துகிற மின் ஓவனை இப்போது விரும்பி வாங்குகிறார்கள். உடன் வரும் கையேட்டில் பெரும்பாலும் தமிழ் இருப்பதில்லை. ஒரே பக்கத்தில் தமிழ்க் குறிப்பு ஒன்றை ஆக்கி, குமிழின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சொல் தரலாம் என்று தொடங்கிய இவ்விழையில் இதுவரை வந்த பரிந்துரைகளை முழுவதும் படித்தேன். உறைபனி நீக்கி (டிஃப்ராஸ்ட்), வாட்டி (கிரில்), வெதுப்பி (ஓவன்), முன்வெப்பமாக்கல் (ப்ரீஹீட்) ஆகிய அனைத்தும் ஆங்கிலச் சொல்லை எதிரே வைத்துக்கொண்டு பார்த்தால் சரியாகவே இருக்கின்றன. குமிழைத் திருப்பப் போகிற ஆச்சியின் பக்கத்தில் நின்று பார்த்தால் பலவும் இடறுகின்றன. சூடு வருகிறதா, வந்தால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எப்படிப் பரவுகிறது என்று தெரிவிக்காத சொல் இந்தக் குமிழுக்கு உதவாது என்பது என் கருத்து.

கருவியின் பெயரில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. ‘வெதுப்பி’ என்று யாழ்ப்பாணத்து அன்பர் எழுதியிருந்தார். வெதுப்பகம் என்பது ஈழத்தில் வேரூன்றிய சொல். ரொட்டி சுடும் பெரிய அடுப்பை அங்கே போறணை என்றும் வழங்குகிறார்கள். ஆனால் நம் பக்கத்தில் வெதுவெதுப்பு என்றால் கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் நீரின் சூடு. 250 டிகிரி வரை ஏறுகிற பெட்டிக்கு அப்பெயர் இடுவது கையைச் சுட்டுக்கொள்ளவே வழிசெய்யும். ‘சூளையடுப்பு’ என்றால் செங்கல் நினைவுக்கு வருகிறது. ‘ஓவன்’ என்பதையே வைத்துக்கொள்ளலாம். பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் பண்டமும் பெயரும் சேர்ந்தே வந்திறங்கிய ஊர்கள் இவை. இன்னும் ஓர் இரவல் சொல்லால் தமிழ் தேய்ந்துவிடாது. ‘அவன்’ என்று மட்டும் எழுதாதிருப்போம். ‘மசாலா தடவிய கோழியை அவனுள் வைக்கவும்’ என்ற வரியைச் சிரிக்காமல் படிக்க முடிவதில்லை. அலமாரிக்குள் பொருத்துவதைக் குறிக்கப் ‘பதி ஓவன்’ போதும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வளர்ந்தவர்களுக்கு அந்த வினை புதிதன்று.

உண்மையான சிக்கல், பனிப்பூவும் நீர்த்துளியும் வரைந்திருக்கும் நிலையில்தான் இருக்கிறது. பெரும்பாலான பதி ஓவன்களில் குமிழை இந்நிலைக்குத் திருப்பினால் விசிறி மட்டும் சுற்றும். வெப்பக் கம்பிகள் எவையும் சூடேறுவதில்லை. சில வகைகள் மட்டும் மிகக் குறைந்த சூட்டைச் சேர்த்துத் தருகின்றன. அறையின் காற்றையே உள்ளே சுழலவிட்டு, உறைந்த பண்டத்தைச் சுற்றித் தேங்கி நிற்கும் குளிர்ந்த காற்றை விலக்குவதனால், மேசைமேல் சும்மா வைத்திருப்பதைவிட விரைவில் அது இளகுகிறது. இதற்கு ‘உறைபனி நீக்கி’ என்று பெயரிடுவதில் இரண்டு குறைகள் உள்ளன. குளிர்பெட்டியின் சுவரில் படியும் பனியை அகற்றும் வேலைக்கு நாம் ஏற்கெனவே பனி நீக்கல் என்கிறோம். அந்தப் பனி வேண்டாத பொருள், வழித்து வெளியே கொட்டுகிறோம். கறிக்குள் இருக்கிற பனியை அப்படி நீக்க முடியாது. அது கறியின் சொந்த நீராகவே திரும்ப வேண்டும். அடுத்து, ‘நீக்கி’ என்று முடித்தால் கருவி ஏதோ வெப்பம் கொடுத்து அவ்வேலையை முடித்துவிடும் என்று தோன்றுகிறது.

வீடுகளில் ‘ஐஸ் விடட்டும்’ என்பார்கள். அதைத் தமிழாக்கிக் ‘குளிர்விடல்’ எனலாம் என்று வந்த யோசனையை நான் ரசித்தேனே தவிர ஏற்கவில்லை. ‘உனக்குக் குளிர் விட்டுப் போச்சு’ என்று பெரியவர்களிடம் திட்டு வாங்காதவர் நம்மில் யார்? கோழிக்கறிக்குக் குளிர்விட்டது என்றால் அது எதிர்த்துப் பேசத் தொடங்கிவிட்டதோ என்று ஐயம் எழும். ‘உறைவிளக்கல்’ இலக்கணப்படி பிழையில்லாதது. ஆனால் பாத்திரம் விளக்குகிற இடத்தில் அதை எழுதி ஒட்டினால் ‘உறை விளக்கல்’ என்று பிரித்துப் படித்து, எந்த உறையைத் தேய்க்க வேண்டும் என்று கேட்பார்கள். ஆகையால் ‘இளக்கல்’ என்பதையே அடிச்சொல்லாகக் கொள்ளுமாறு பரிந்துரைக்கிறேன். வெல்லம் இளகுகிறது, மெழுகு இளகுகிறது, மழைக்குப் பின் இறுகிய மண் இளகுகிறது. இறுக்கம் தளர்வதைச் சொல்லும் இவ்வினை, தீயின் மேல் ஏற்ற வேண்டும் என்று சொல்வதில்லை. நெய்க்கும் பொன்னுக்கும் உரிய ‘உருக்கல்’ இங்கே மிகை.

ஓவனில் காற்றே வேலை செய்வதால் அந்நிலைக்குக் ‘காற்றிளக்கல்’ எனவும், நுண்ணலை அடுப்பில் (மைக்ரோவேவ்) உள்ளதற்கு ‘அலையிளக்கல்’ எனவும் பிரித்துக்கொள்ளலாம். இரண்டும் வேறு வேறு செயல்கள். நுண்ணலையைப் பனிக்கட்டி குறைவாகவும் நீர் மிகுதியாகவும் உறிஞ்சுகின்றன. ஓரத்தில் சிறிது இளகி நீரான உடனே அந்த ஓரமே மேலும் மேலும் சூடேறி வெந்துவிட, நடுப்பகுதி கல்லாகவே நின்றுவிடுகிறது. அதனால்தான் அந்த அடுப்பு தன் ஆற்றலை விட்டு விட்டுத் தருகிறது. காற்றிளக்கலில் ஓரம் வெந்துபோகும் அச்சம் இல்லை. அதில் வேறோர் ஆபத்து இருக்கிறது.

விசிறி மட்டும் சுற்றுகிற பெட்டிக்குள் இருப்பது நம் அடுப்படியின் வெப்பநிலையே. இந்த நிலையை வடிவமைத்தவர்கள் 20 டிகிரி அளவில் இருக்கும் ஐரோப்பிய அடுப்படியை எண்ணியிருக்கக்கூடும். சித்திரை, வைகாசியில் இங்கே பகல் வெப்பம் 38 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். ஏறத்தாழ 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் நோய்க்கிருமிகள் பெருகும் என்பதும், அதில் உடலின் சூட்டை ஒட்டிய பகுதி அவற்றுக்கு மிக உகந்தது என்பதும் அறிந்த செய்தி. ஒரு கிலோ ஆட்டுக்கறியைக் கட்டியாக வைத்தால், நடுப்பகுதி இளகுவதற்குள் மேற்பரப்பு மணிக்கணக்கில் அந்தச் சூட்டில் கிடக்கும். ஆகவே ரொட்டி, கேக், துருவி உறையவைத்த தேங்காய், பழத்துண்டு ஆகியவற்றுக்கே காற்றிளக்கல் என்று குறிப்பில் எழுத வேண்டும். கறியும் மீனும் முதல்நாளே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு இறங்க வேண்டும். அவசரமென்றால் நீர் புகாத பையில் கட்டிக் குளிர்ந்த நீரில் மூழ்கவைத்து, அரைமணிக்கொரு முறை நீரை மாற்றி, இளகியவுடன் சமைத்துவிட வேண்டும்.

இனி, மேலே வளைந்து நெளிந்த கோடு வரைந்திருக்கும் நிலை. ‘வாட்டி’ என்று இருவர் எழுதியுள்ளனர். வாழையிலையை வாட்டினால் அது துவள்கிறது, நிறம் பிடிப்பதில்லை. இங்கே வேண்டியதோ மேற்பரப்பு சிவந்து முறுகுவது. வினையாகச் ‘சுடுதல்’ என்பதே பொருந்தும், பழமையும் உடையது. பொருநராற்றுப்படையில் ‘காழிற் சுட்ட கோழூன் கொழுங்குறை’ என்று இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த ஊன் வருகிறது. அதற்கு முந்தைய அடிகளிலேயே புழுக்கும் வேவையும் தனியாகச் சொல்லப்படுவதால், வேகவைத்த ஊன் வேறு, சுட்ட ஊன் வேறு என்ற பகுப்பு அன்றே தெளிவாக இருந்திருக்கிறது. இன்றோ நாம் தோசையையும் சுடுகிறோம், வடையையும் சுடுகிறோம், அப்பளத்தையும் சுடுகிறோம். கல், எண்ணெய், நேர்த்தீ என மூன்று வேறு சூடுகளுக்கு ஒரே வினை. குமிழில் ‘சுடல்’ என்று மட்டும் எழுதினால், கேக் மாவை அந்நிலையில் வைத்து, மேலே கரியும் கீழே மாவுமாக வெளியே எடுப்பவர் இருப்பார்.

எனவே நான் முன்வைக்கும் சொல் ‘மேல்தணல்’. கூரையில் உள்ள கம்பி செக்கச் சிவந்து, கொழுந்தில்லாமல், தன் வெப்பத்தை நேரே கீழே வீசுகிறது. கத்திரிக்காய் சுடுகிறவர்கள் தீக்கொழுந்து அடங்கித் தணலாகும்வரை காத்திருப்பதும் இதே வெப்பத்துக்காகத்தான். தம் போடும்போது மூடிமேல் தணலை அள்ளி வைக்கும் பழக்கம் இருப்பதால், மேலிருந்து இறங்கும் சூடும் நமக்கு அயலன்று.

கத்திரிக்காயையே எடுத்துக்காட்டாகத் தருகிறேன். காயைக் கத்திமுனையால் நான்கைந்து இடங்களில் குத்திவிட வேண்டும். இல்லையேல் உள்ளே ஆவி சேர்ந்து வெடித்து ஓவன் முழுவதும் தெறிக்கும். எண்ணெய் தடவி மேல்தட்டுக் கம்பிவலையில் வைத்து, சொட்டுவதைத் தாங்கக் கீழே ஒரு தட்டு வைக்கவும். மேல்பக்கத் தோல் கறுத்துச் சுருங்கியதும் திருப்பவும். காம்பருகே அழுத்தினால் விரல் அமுங்கும் பதத்தில் எடுத்து, சிறிது நேரம் மூடி வைத்தால் தோல் தானாகக் கழன்று வரும். விறகின் புகைமணம் மட்டும் வராது. அதைக் குறிப்பிலும் மறைக்கக் கூடாது.

இந்தச் சூடு ஆழமாக இறங்குவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வஞ்சிர மீன் துண்டுக்கு இது போதும். முழுக்கோழியை முதலில் விசிறியும் வெப்பமும் சேர்ந்த நிலையில் 180 டிகிரியில் வேகவிட்டு, கடைசிப் பத்து நிமிடம் மட்டும் மேல்தணலுக்கு மாற்றுவது நல்லது. தொடையின் தடித்த பகுதியில் 74 டிகிரி எட்டியிருந்தால் வெந்தது என்று கொள்ளலாம். கோழியைக் கோத்துச் சுற்றவிடும் கம்பிக்குக் ‘காழ்’ என்ற சொல்லை மீட்கலாம் என்ற ஆசை எனக்கும் வந்தது. ஆனால் கம்பி என்ற உயிருள்ள சொல் இருக்கையில் அது வீண் அலங்காரம், ‘சுழல்கம்பி’ போதும்.

எஞ்சியவை எளியவை. மேலும் கீழும் கோடு இருப்பது ‘இருபுறச் சூடு’. விசிறியும் வெப்பமும் சேர்ந்தது ‘சுழல்சூடு’. இருபுறச் சூட்டுக்குச் சொன்ன அளவிலிருந்து 20 டிகிரி குறைத்து இதில் வைப்பது பொது வழக்கம். ‘முன்வெப்பமாக்கல்’ வேண்டாம். தோசைக்கல் காய்கிறது, எண்ணெய் காய்கிறது, ஓவனும் காயட்டும்; ‘முன்காய்தல்’ என்று வைப்போம்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து

•

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

‘காற்றிளக்கல்’ எனக்கு முழு உடன்பாடு. ‘மேல்தணல்’ குறித்துத் தயக்கம் உண்டு. தேவகோட்டை பேருந்து நிலையம் முதல் சிற்றூர்ச் சந்திப்பு வரை ‘கிரில் சிக்கன்’ பலகை தொங்குகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் அச்சொல் தெரியும். எல்லாருக்கும் தெரிந்த ‘ஓவன்’ இருக்கலாம் என்றால், எல்லாருக்கும் தெரிந்த ‘கிரில்’ ஏன் இருக்கக் கூடாது? தணல் என்றால் கரி எங்கே போடுவது என்று என் மாமியார் கேட்பார்கள். மேலும், அன்றாடம் சமைப்பவர்கள் நிலையின் பெயரைவிட, இத்தனை நிமிடம் என்ற கணக்கைத்தான் முதலில் தேடுவார்கள். அதைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை.

தேவகோட்டையிலிருந்து

•

அம்மையீர், வணக்கம்.

நீங்கள் காட்டிய பலகையே என் தயக்கத்துக்கும் காரணம். கடையின் கண்ணாடிப் பெட்டியில் கோழி தானே சுற்றுகிறது; நெருப்பு பெரும்பாலும் பின்புறத்திலிருந்து வருகிறது. கோழியின் எல்லாப் பக்கமும் மாறி மாறி நெருப்பைப் பார்க்கின்றன. வீட்டு ஓவனில் நெருப்பு தலைக்கு மேலே இருக்கிறது, கோழி அசையாமல் கிடக்கிறது. கடையை நினைத்துக்கொண்டு முழுக்கோழியை மேல்தட்டில் வைத்தால் முதுகு கரிந்து தொடையில் இரத்தம் நிற்கும். ‘ஓவன்’ என்பது பெட்டியின் பெயர் மட்டுமே. யாரையும் தவறான செயலுக்கு இழுப்பதில்லை. ‘கிரில்’ இழுக்கிறது. ஆயினும் தெரிந்த சொல்லை அடியோடு ஒதுக்க வேண்டாம். மேல்தணல் என்று பெரிதாகவும், அதன் கீழே கிரில் என்று சிறிதாகவும் அச்சிடலாம். கரி எங்கே என்று உங்கள் மாமியார் கேட்டால், அவர்கள் செயலைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள் என்றே கொள்வேன். மின்கம்பியைக் காட்டினால் போதும்.

நிமிடக் கணக்கை வேண்டுமென்றேதான் குறைத்தேன். 230 வோல்ட்டுக்குச் செய்த வெப்பக் கம்பிக்கு 180 வோல்ட்டே கிடைத்தால், ஆற்றல் மின்னழுத்தத்தின் இருமடிக்கேற்பக் குறைந்து, ஏறத்தாழ 61 விழுக்காடாகிவிடுகிறது. ஊர்ப்புறத்தில் மாலை வேளையில் விளக்கு மங்குவதைப் பார்த்தவர்கள் இதை உடனே ஒப்புவார்கள். கையேட்டில் பத்து நிமிடம் என்றிருப்பது அந்நேரத்தில் பதினைந்தாகலாம். ஆகையால் ‘பொன்னிறமாகும் வரை’, ‘ஓரம் முறுகும் வரை’, ‘விரல் அமுங்கும் வரை’ என்று பதத்தை முதலிலும், நிமிடத்தை அதன் பின்னும் எழுதுவோம்.

ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும். குமிழில் இடம் குறைவாதலால் காற்றிளக்கல் என்பதைச் சுருக்கி ‘இளக்கல்’ என்றே பலர் எழுதக்கூடும். அப்படிச் சுருக்கினால் அதன் அடியில் ‘சூடு இல்லை’ என்ற இரண்டு சொற்களைக் கட்டாயம் அச்சிட வேண்டும். ‘இளக்கலில் கறி, மீன் வைக்க வேண்டாம்’ என்பதைக் குறிப்பின் முதல் வரியிலேயே தடித்த எழுத்தில் தருவோம். மறுப்பு இல்லையெனில் வரும் ஞாயிறன்று முதல் வரைவை அனுப்புகிறேன்.

காரைக்குடியிலிருந்து