விண்டோஸ் 10: தற்காலிக ப்ரொஃபைலில் திறக்கிறது, உதவி தேவை

வணக்கம். நேற்று மின்சாரம் போய்க் கணினி பாதியில் அணைந்தது. அதிலிருந்து என் கணக்கில் நுழைந்தால் வெறும் டெஸ்க்டாப்தான் வருகிறது. தற்காலிக ப்ரொஃபைல் (என் கோப்புகளும் அமைப்புகளும் இல்லாத வெற்றுக் கணக்கு) என்று அறிவிப்பும் காட்டுகிறது. நல்லவேளை, சி டிரைவின் யூசர்ஸ் கோப்புறையில் என் பழைய கோப்புகள் அப்படியே இருக்கின்றன. அவற்றை வெளி டிரைவில் நகலெடுத்துவிட்டேன்.

அப்புறம் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்), கணக்குகளின் பட்டியலான ப்ரொஃபைல்லிஸ்ட் பகுதியைப் பார்த்தேன். என் கணக்கின் எஸ்ஐடி, அதாவது அடையாள எண், இரண்டு முறை இருந்தது, ஒன்றின் கடைசியில் ‘.பேக்’ என்று. ரெஜிஸ்ட்ரியை பேக்கப் எடுத்துக்கொண்டு, இரண்டின் பெயரையும் மாற்றி, ஸ்டேட் மதிப்பை 0 ஆக்கி, ரீஸ்டார்ட் செய்தேன். மறுபடியும் அதேதான். பிழைகளைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் 1508 (ரெஜிஸ்ட்ரியை ஏற்ற முடியவில்லை), 1511 (ப்ரொஃபைல் கிடைக்கவில்லை) பிழைகள் வருகின்றன. எனவே என் கணக்கின் அமைப்புகள் இருக்கும் என்டியூசர்.டாட் கோப்பே கெட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

புதுக் கணக்கு தொடங்கி, அந்தக் கோப்பைத் தவிர மற்றவற்றை நகலெடுக்கலாம், தெரியும். ஆனால் பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் பழைய கணக்கோடு பூட்டப்பட்டவை, அப்படிக் கொண்டுவர முடியாது. அதுதான் பெரிய கவலை. பழைய ரீஸ்டோர் பாயின்டிலிருந்து (விண்டோஸ் முன்பு சேமித்துவைத்த நிலை) என்டியூசர்.டாட்டை மட்டும் எடுத்து வைத்து யாராவது கணக்கை மீட்டிருக்கிறீர்களா? எந்த வரிசையில் செய்தீர்கள் என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.